விரல்நுனியில் விளைந்த கல்வி: மரியா மாண்டிசோரி அம்மையார்

பெரியகுளத்தில் நின்று வடக்கே நோக்கினால் தோன்றும் கொடைக்கானல் மலையில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தே, இத்தாலி நாட்டு அம்மையார் ஒருவர் தங்கிச் சிறார்க்குக் கல்வி புகட்டினார். அவரே மரியா மாண்டிசோரி.

1870 ஆகஸ்டு 31-ஆம் நாள் கியாரவல்லே என்னும் ஊரில் பிறந்த அவர், 1896-இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பெண்ணொருத்தி மருத்துவம் பயில்வது அந்நாளில் எளிதன்று. அறிவு வளர்ச்சி குன்றியோர் என ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடையே பணியாற்றியபோது, அவர்க்கு வேண்டுவது மருந்தினும் கல்வியே எனத் தெளிந்தார். இட்டார், செகேன் ஆகிய பிரெஞ்சு அறிஞர்தம் நூல்களைத் தம் கைப்படவே இத்தாலிய மொழியில் பெயர்த்தெழுதிக் கற்றார். 1907 சனவரி 6-ஆம் நாள், ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் முதற் குழந்தைகள் இல்லம் திறக்கப்பெற்றது. அவர் பெயரைப் பலகையில் எழுதிப் பெருங்கட்டணம் பெறும் பள்ளிகள் இதனை நினைப்பது அரிது.

அங்கே அவர் கையாண்ட பொருள்கள் எளியவை. ஒரு மரப்பலகையின் ஒரு பாதி வழவழப்பாகவும், மறு பாதி உப்புத்தாள் ஒட்டிச் சொரசொரப்பாகவும் இருக்கும். பிள்ளை வெந்நீரில் கை கழுவி, விரல்நுனியால் மெல்ல வருட வேண்டும். அழுத்தினால் நுட்பம் புலப்படாது. பின்னர் வெல்வெட்டு, பட்டு, கம்பளி, பருத்தித் துணிகள் இரண்டிரண்டாய்த் தரப்படும். கண்ணைக் கட்டிக்கொண்டு இணை சேர்க்க வேண்டும். வட்டமும் முக்கோணமும் சதுரமும் மரச்சட்டத்தினின்று எடுக்கத்தக்கனவாய் அமைந்திருக்கும். விளிம்பையும் குழியையும் விரலால் சுற்றி வந்த பின்னரே பிள்ளை உருவத்தை அதன் இடத்தில் பொருத்தும். தவறினால் அது குழியில் அமராது. ஆசிரியர் திருத்த வேண்டுவதில்லை.

பார்வையற்ற பிள்ளைகளுக்கென்று அவர் இவற்றை அமைக்கவில்லை. ஆயினும் அவர்க்கே இவை மிகவும் பொருந்துவன என்பது எம் கருத்து. ஐம்பொறிகளுள் மெய்யை முதலாக வைத்து, ஓரறிவுயிர்க்கும் அஃது உண்டெனக் கற்ற நமக்கு இது புதிதன்று. கண்ணுள்ள பிள்ளை முழுமையை ஒரே நோக்கில் காணும். கண்ணில்லாப் பிள்ளையோ பகுதி பகுதியாய்த் தொட்டே முழுமையைக் கட்டிக்கொள்ளும். ஆதலின் காலம் மிகுதியாய் வேண்டும். பரிவு மிகுந்து பிள்ளையின் கையைப் பற்றி இழுப்போர் அந்தக் காலத்தைப் பறித்துவிடுகின்றனர். தம் கையைப் பிள்ளையின் கைக்குக் கீழே வைத்து, அது தானே தேடிவர விடுதல் நன்று. பொருளுக்கும் பஞ்சமில்லை: போடியின் ஏலக்காயில் மூன்று முனைகள் தட்டுப்படும், கம்பத்துத் திராட்சையில் உருண்டை, இலவம்பஞ்சில் மென்மை, தேங்காய் நாரில் முரண். மெய்யான பொருளைக் கையில் அறிந்த பின்னரே தாளில் புடைத்த கோடு பொருள் தரும்.

1939-இல் அம்மையார் மகன் மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி தந்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, மாரியோ பகைநாட்டார் எனக் காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளையொட்டி அவர் விடுவிக்கப்பட்டார். அதன்பின் கொடைக்கானலில் வாழ்ந்த ஆண்டுகளில் இலையும் கல்லும் பூச்சியும் அவர்தம் பாடப்பொருள்களாயின. 1946-இல் ஐரோப்பா திரும்பிய அவர், 1952 மே 6-ஆம் நாள் ஆலந்து நாட்டின் நூர்டுவெய்க் என்னும் கடற்கரை ஊரில் மறைந்தார்.