செருப்புத் தைத்தவர் போட்ட கணக்கு

சர்வே பிராக்டிகல் என்றாலே நமக்கெல்லாம் வெயிலும், செயினை இழுத்துப் பிடிக்கிற வேலையும்தான் ஞாபகத்துக்கு வரும். அப்படிச் செயின் பிடித்து நிலம் அளந்த ஒரு மனிதர், ஒரு தேசத்தின் பாராளுமன்றம் எப்படி அமைய வேண்டும் என்பதற்கே அளவு சொன்னார் என்றால் நம்புவீர்களா நண்பர்களே? அவர்தான் ரோஜர் ஷெர்மன். வாஷிங்டன், ஜெபர்சன், பிராங்க்ளின் ஆகியோருடன் சரிசமமாக உட்கார்ந்து அமெரிக்காவை உருவாக்கியவர்.

1721 ஏப்ரல் 19-ல் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் நியூட்டன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா விவசாயி, செருப்பும் தைப்பார். பையனும் அதே தொழிலில் இறங்கினான். காலேஜ் வாசலை மிதித்ததே இல்லை. ஊர்ப் பாதிரியாரின் புத்தக அலமாரிதான் அவருடைய காலேஜ்! தைக்கிறபோதே கண்ணுக்கு நேரே புத்தகத்தை விரித்து வைத்திருப்பாராம். 1741-ல் அப்பா இறந்தார். இரண்டு வருஷம் கழித்து குடும்பம் கனெக்டிகட் மாகாணத்தின் நியூ மில்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்தது. செருப்புத் தைக்கும் சாமான்களை முதுகில் கட்டிக்கொண்டு அவர் நடந்தே போனார் என்று ஒரு கதை உண்டு.

கணக்கைத் தானே படித்தார். 1745-ல், 24 வயதில், நியூ ஹேவன் கவுன்ட்டியின் சர்வேயர் ஆனார். அந்தக் காலத்து சர்வேயருக்கு ஒரு திசைகாட்டியும் 66 அடிச் செயினும்தான் ஆயுதம். நாம் படிக்கிற அதே கன்ட்டர் செயின், 100 லிங்க். காட்டையும் மேட்டையும் அளந்து, அண்ணன் தம்பி எல்லைத் தகராறுகளைத் தீர்த்து வைத்த அனுபவம் பின்னால் எங்கே கைகொடுத்தது என்பதைப் பார்க்கத்தான் போகிறோம். சூரிய சந்திர கதிகளைக் கணக்கிட்டுச் சொந்தமாகப் பஞ்சாங்கம் வேறு போட்டார். 1754-ல் வக்கீல் ஆனார். பிறகு நீதிபதி. டிகிரி இல்லாத அந்த மனிதரை யேல் கல்லூரி 1765-ல் தன் பொருளாளராக வைத்துக்கொண்டது. இரண்டு கல்யாணம் (முதல் மனைவி இறந்த பிறகு இரண்டாவது), பதினைந்து பிள்ளைகள்!

1774-ல் பிரிட்டனை எதிர்த்து மாகாணங்கள் பிலடெல்பியாவில் கூடின. அந்தச் சபைக்குக் காங்கிரஸ் என்று பெயர். கட்சி அல்ல, சபையின் பெயரே அதுதான். கனெக்டிகட் சார்பில் ஷெர்மன் போனார். பிரிட்டிஷ் சரக்கைப் புறக்கணித்த 1774 ஒப்பந்தம், 1776 சுதந்திரப் பிரகடனம், மாநிலங்களின் கூட்டமைப்பு ஒப்பந்தம், 1787 அரசியல் சட்டம் என்று நான்கு பெரிய ஆவணங்களிலும் கையெழுத்துப் போட்ட ஒரே ஆள் இவர்தான்.

அந்தக் காங்கிரசில் ஒரு சிக்கல். எத்தனை பேர் வந்து உட்கார்ந்தாலும் ஒரு மாநிலத்துக்கு ஒரே ஓட்டு. வர்ஜீனியாவுக்கும் ஒன்று, டெலாவேருக்கும் ஒன்று. 1790 கணக்கெடுப்பின்படி வர்ஜீனியாவில் ஏறத்தாழ 7.47 லட்சம் பேர், டெலாவேரில் 59 ஆயிரம் பேர். பெரியவன் சும்மா இருப்பானா? சரி, தலைக்கணக்குப்படி ஓட்டு என்றால் சின்னவன் விடுவானா? ஓட்டை இரண்டு விதமாகவும் எண்ணுவோம், மாநிலவாரியாக ஒருமுறை, ஆள்வாரியாக ஒருமுறை, இரண்டிலும் தேறினால்தான் தீர்மானம் என்று 1776-லேயே ஷெர்மன் யோசனை சொன்னார். அன்று யாரும் கேட்கவில்லை.

பதினோரு வருஷம் கழித்து 1787-ல் அதே பிலடெல்பியாவில் புது அரசியல் சட்டம் எழுதக் கூடினார்கள். மொத்தம் 55 பேர். ஷெர்மனுக்கு 66 வயது, பிராங்க்ளினுக்கு அடுத்த மூத்தவர். பேச்சில் சூரப்புலி இல்லை. நடையுடை பாவனையும் நாட்டுப்புறம். ஆனால் எழுந்து எழுந்து பேசுவார்! இரண்டு சபைகளிலும் மக்கள்தொகைப்படியே இடம் என்று வர்ஜீனியா கேட்டது. பழையபடி மாநிலத்துக்கு ஒரு ஓட்டு என்று நியூ ஜெர்சி சொன்னது. ஜூன் 11-ல் ஷெர்மன் தன் பழைய கணக்கை எடுத்துப் போட்டார். கீழ்ச்சபை தலைக்கணக்கில் இருக்கட்டும், மேல்சபை மாநிலக் கணக்கில் இருக்கட்டும் என்றார். ஆறுக்கு ஐந்தில் தோற்றது. ஜூலை 2-ல் மறுபடி ஓட்டெடுத்தபோது ஐந்துக்கு ஐந்து. மாநாடே கலைந்துவிடும் நிலை. மாநிலத்துக்கு ஒருவர் என்று கமிட்டி போட்டார்கள். ஷெர்மனும் அதில் இருந்தார். ஜூலை 16-ல் ஐந்துக்கு நான்கில் தேறியது. ஒரே ஒரு மாநிலத்தின் ஓட்டு வித்தியாசம்!

இத்தோடு நிறுத்திவிட்டால் அவரைப் பூஜை அறையில் மாட்டிவிடலாம். ஆனால் கணக்கில் ஒரு கறை இருக்கிறது. அவர் முதலில் சொன்னது சுதந்திர மனிதர்களை மட்டும் எண்ணுவது. தென்மாநிலங்கள் அடிமைகளையும் சேர்க்கச் சொல்லி அடம் பிடித்தன. ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணுவது என்று முடிவாகி, ஷெர்மனும் அதற்கு இணங்கினார். ஓட்டு இல்லாத மனிதனின் தலை, அவனை விலைக்கு வாங்கியவனின் பலத்தில் சேர்ந்தது. நாமே போட்டுப் பார்க்கலாம். 1790-ல் வர்ஜீனியாவின் அடிமைகள் சுமார் 2.92 லட்சம். அதில் ஐந்தில் மூன்று பங்கு ஏறத்தாழ 1.75 லட்சம். அடுத்து வந்த பங்கீட்டில் 33,000 பேருக்கு ஒரு உறுப்பினர். அந்த மாநிலம் பெற்ற 19 இடங்களில் ஐந்துக்கு மேல் இப்படி வந்தவை. அடிமை வியாபாரம் ஷெர்மனுக்குப் பிடிக்காது. இறக்குமதியாகும் அடிமைக்கு வரி என்றபோது, அது மனிதனைச் சரக்காக ஒப்புக்கொள்வது ஆகும் என்று எதிர்த்தார். ஆனாலும் ஒற்றுமை குலையக்கூடாதென்று, 1808 வரை அந்த வியாபாரத்தைத் தடுக்கக்கூடாது என்ற ஷரத்தோடு சேர்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். என்னால் இதை மன்னிக்க முடியவில்லை.

முதல் காங்கிரஸ் 1789 மார்ச் 4-ல் நியூயார்க்கில் கூட வேண்டும். சட்டப்படி பிரதிநிதிகள் சபைக்கு 65 இடம். வர்ஜீனியாவுக்கு 10, மாசசூசெட்சுக்கும் பென்சில்வேனியாவுக்கும் 8, கனெக்டிகட்டுக்கு 5, டெலாவேருக்கு 1. செனட்டில் எல்லோருக்கும் இரண்டிரண்டு. வட கரோலினாவும் ரோட் ஐலண்டும் அப்போது சட்டத்தை ஏற்கவில்லை. ஆகவே 59 பேரும் 22 பேரும்தான். அவர்களாவது வந்தார்களா? குதிரைப் பாதை, சேறு, குளிர். கோரம் சேரவே ஏப்ரல் 1 ஆனது, செனட்டுக்கு ஏப்ரல் 6. தூரத்தைப் பார்த்தால் 50 பேரே போதும் என்று மாநாட்டில் சொன்னவர் ஷெர்மன். சர்வேயருக்குத் தூரம் தெரியாதா!

இன்னொரு வேடிக்கை. கீழ்ச்சபையை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதை மாநாட்டில் எதிர்த்தவரும் இவரே. கடைசியில் கனெக்டிகட் மக்கள் போட்ட ஓட்டில்தான் அதே சபைக்குள் போனார்! நீதிபதி வேலையை விட்டுவிட்டு வந்தார். அரசியல் சட்டத்துக்குள் ஆங்காங்கே திருத்தங்களைச் செருக வேண்டும் என்று மேடிசன் கேட்க, மூலத்தைத் தொடாமல் கடைசியில் தனியாகச் சேர்க்கவேண்டும் என்று ஷெர்மன் பிடிவாதம் பிடித்தார். சபை அவர் சொன்னபடியே செய்தது. இன்றும் திருத்தங்கள் வாலில்தான் இருக்கின்றன.

சம்மதமில்லாமல் எந்த மாநிலத்தின் செனட் சமபங்கையும் பறிக்கக் கூடாது என்ற ஷரத்தும், மாநாட்டின் கடைசி நாட்களில் இவர் கிளப்பிய கவலையால் நுழைந்ததே. 2020 கணக்கெடுப்பில் கலிபோர்னியாவில் 3.95 கோடி பேர், வயோமிங்கில் 5.77 லட்சம் பேர். இரண்டுக்கும் இரண்டே செனட்டர்கள்! டெலாவேருக்காகப் போட்ட கணக்கு இவ்வளவு தூரம் இழுபடும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

1791-ல் செனட்டில் கனெக்டிகட்டின் ஓர் இடம் காலியானது. செனட்டர்களை அப்போது மாநிலச் சட்டசபைகள் தேர்ந்தெடுத்து அனுப்பும் (1913 வரை அப்படித்தான்). ஷெர்மனை அனுப்பினார்கள். தலைக்கணக்குச் சபையில் இரண்டு வருஷம் இருந்தவர், மாநிலக் கணக்குச் சபையிலும் இரண்டு வருஷம் இருந்தார். செனட்டராகவும் நியூ ஹேவன் மேயராகவும் இருந்தபோதே, 1793 ஜூலை 23-ல், 72-வது வயதில் அந்த ஊரிலேயே காலமானார்.