பார்க்கப் பார்க்க அழியும் புரதம்... ஜான் கென்ட்ரூ அதை எப்படிப் படம்பிடித்தார்?

ஒரு பொருளோட உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கணும். அதுக்கு ஒரே ஒரு வெளிச்சம்தான் இருக்கு. ஆனால், அந்த வெளிச்சமே பொருளை அழித்துவிடும். 1950-களில் கேம்பிரிட்ஜில் ஜான் கென்ட்ரூவுக்கு இருந்த சிக்கல் இதுதான்.

1917-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்த கென்ட்ரூ படித்தது வேதியியல். இரண்டாம் உலகப் போர் வந்ததும் ரேடார் ஆய்வு, பிறகு பிரிட்டிஷ் விமானப்படைக்கான அறிவியல் பணி என்று வாழ்க்கை திசைமாறியது. போரின் கடைசிக் கட்டத்தில் இலங்கையில் இருந்தபோது, ஜே.டி.பெர்னாலுடன் பழக்கம். உலரவிடாமல் ஈரத்தோடு வைத்தால் புரதப் படிகம் தெளிவான எக்ஸ்-ரே படம் தரும் என்று 1934-லேயே டோரத்தி ஹாட்ஜ்கினுடன் சேர்ந்து காட்டியவர் பெர்னால். அவருடைய பேச்சு கென்ட்ரூவை புரதங்கள் பக்கம் இழுத்தது.

போர் முடிந்து கேம்பிரிட்ஜ் திரும்பியவர், மேக்ஸ் பெரூட்ஸுடன் சேர்ந்தார். பெரூட்ஸ் கையில் ஹீமோகுளோபின். கென்ட்ரூ எடுத்துக்கொண்டது அதில் கால்வாசி அளவே உள்ள மயோகுளோபின். தசையில் ஆக்ஸிஜனைச் சேமித்துவைக்கும் புரதம் இது. குதிரையிலிருந்து எடுத்துப் பார்த்தார். படிகங்கள் ரொம்பச் சின்னதாக வந்தன. கடலுக்குள் நெடுநேரம் மூச்சடக்கும் உயிரினங்களிடம் இந்தப் புரதம் ஏராளம். கடைசியில் பெருவிலிருந்து வந்த ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் இறைச்சிதான் கைகொடுத்தது!

படிகத்தின் மீது எக்ஸ்-ரே பட்டால் சிதறும். ஃபிலிமில் புள்ளி புள்ளியாக விழும். அந்தப் புள்ளிகளின் அடர்த்தியை வைத்து, அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று கணக்குப் போட வேண்டும். 1957-ல் சுமார் 400 புள்ளிகளைக் கொண்டு முதல் உருவம் கிடைத்தது. முறுக்கிப்போட்ட குடல் மாதிரி இருந்தது. அழகு என்று சொல்ல முடியாது. அணுக்கள் வரை தெரியணும்னா ஏறக்குறைய 10,000 புள்ளிகள் தேவை. அதுவும் ஒருமுறை அல்ல. கன அணுக்கள் ஏற்றிய ஒவ்வொரு வகைப் படிகத்துக்கும் தனித்தனியாக.

இங்கேதான் சேதம் குறுக்கே வந்தது. எக்ஸ்-ரே அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைத் தட்டிவிடும். படிகத்துக்குள் இருக்கும் தண்ணீரையும் உடைக்கும். அதில் பிறக்கும் ரேடிகல்கள் பக்கத்து மூலக்கூறுகளைத் தாக்கும். நேரம் ஆக ஆக புள்ளிகள் மங்கும். அளப்பது புரதத்தையா, அதன் சிதைவையா என்றே தெரியாமல் போய்விடும்.

கென்ட்ரூ குழு செய்தது ஒருவகை ரேஷன். ஒரு படிகத்தைக் கொஞ்ச நேரம் மட்டும் கதிரில் வைப்பது, கெடும் முன் எடுத்துவிட்டு அடுத்ததை வைப்பது. இப்படி ஒவ்வொரு வகைக்கும் 20-க்கும் மேற்பட்ட படிகங்கள் செலவாயின. எல்லா அளவுகளையும் ஒன்றோடொன்று பொருத்தி எட்சாக் கணினிக்குக் கொடுத்தார்கள். 1960-ல் அணுக்களை நெருங்கிய அமைப்பு வெளியானது. 1962-ல் பெரூட்ஸுடன் வேதியியல் நோபல்.

அதே 1962-ல் பிளேக், பிலிப்ஸ் இருவரும் மயோகுளோபின் படிகங்களிலேயே சேதத்தை அளந்து காட்டினார்கள். உள்வாங்கப்படும் ஒரே ஒரு எக்ஸ்-ரே ஃபோட்டான் சுமார் 70 மூலக்கூறுகளைச் சிதைக்கிறது, இன்னும் 90 மூலக்கூறுகளின் ஒழுங்கைக் குலைக்கிறது. ஏன் இத்தனை படிகங்கள் தேவைப்பட்டன என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை.

பிற்பாடு கென்ட்ரூ, ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தின் முதல் தலைமை இயக்குநரானார். அதன் ஹாம்பர்க் கிளையில் இன்று, படிகமாக்காமல் கரைசலில் இருக்கும் புரதத்தை எக்ஸ்-ரே சிதறலால் அளக்கிறார்கள். அங்கே சேதம் வேறு முகம் காட்டும். அடிபட்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். கொஞ்சம் கட்டி சேர்ந்தாலே போதும், புரதத்தின் அளவு தப்பாகப் பெரிதாகத் தெரியும். அதனால் மெல்லிய குழாயில் கரைசலை ஓடவிட்டபடியே அளக்கிறார்கள். எந்தத் துளியும் கதிரில் நெடுநேரம் நிற்காது. ஒரே தொடரில் பல குறும்படங்கள் எடுத்து, முதல் படத்திலிருந்து மாறிப்போனவற்றைக் கழித்துவிடுவார்கள். ரேடிகல்களை அடக்க கிளிசரால், அஸ்கார்பிக் அமிலம் போன்றவற்றைச் சேர்ப்பதும் உண்டு. அஸ்கார்பிக் அமிலம் வேறொன்றுமில்லை, நம்ம வைட்டமின் சி-தான்.

1997-ல், 80 வயதில் கென்ட்ரூ காலமானார். அதற்குள் படிகங்களை மைனஸ் 173 டிகிரிக்குக் குளிரவைத்து அளப்பது பரவலாகியிருந்தது. அந்தக் குளிரில் ரேடிகல்களால் சுலபமாக நகர முடியாது. அவர் படிகம் படிகமாக மாற்றிச் செய்த வேலைக்கு, இப்போது பெரும்பாலும் ஒரே படிகம் போதும்.