இந்தியாவின் முதல் ஃப்ரீமேசன் நம்ம திருச்சிக்காரர்தான்! - ஒரு நவாப்பின் கதை

லாட்ஜ்னு சொன்னா நமக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ரூம் போடுற இடம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா, ஃப்ரீமேசன்களின் கிளைக்கும் அதே பெயர்தான். ஃப்ரீமேசன்னு சொன்னதும் முக்கோணத்துக்குள்ள ஒத்தைக் கண்ணு, இல்லுமினாட்டி, உலகத்தையே ஆட்டிவைக்கும் ரகசியக் கூட்டம்னு வாட்ஸ்அப்பில் சுத்துற ஃபார்வர்டுகள் எல்லாம் வரிசைகட்டி வருமே, அதே ஃப்ரீமேசன்கள்தான்.

அந்த அமைப்பில் சேர்ந்த முதல் இந்தியர் யார் தெரியுமா? கல்கத்தா ஜமீன்தாரும் இல்லை, பம்பாய் பார்சியும் இல்லை. புதுக்கோட்டையில் இருந்து பஸ் ஏறினா ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேருற திருச்சியில், 1775 வாக்கில் உறுப்பினரான ஓர் இளவரசர். பெயர் உம்தத்-உல்-உம்ரா. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் மகன்.

ஆரம்பத்தில் இருந்து வருவோம். உம்தத் பிறந்தது 1748ல். அவருக்கு மூணு வயசு இருக்கும்போது, ஆற்காடு யாருக்குன்னு பெரிய சண்டை. அப்பா முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் மாட்டிக்கொண்டார். வெளியே சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும். ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்த கதையை ஸ்கூல் புத்தகத்தில் படித்திருப்போம். ஆனா, முற்றுகையில் கிடந்த திருச்சிக்கு அரிசியும் ஆடுமாடும் போய்ச் சேர்ந்தது எங்கிருந்து? புதுக்கோட்டையில் இருந்து. தொண்டைமான் அப்போதே நவாப் பக்கமும் கம்பெனி பக்கமும் நின்றுவிட்டார். அந்தக் கணக்கு என்ன ஆச்சுன்னு கடைசியில் பார்ப்போம்.

சண்டையில் முகமது அலி ஜெயித்தார். ஆனா, ஜெயித்த செலவு மொத்தமும் அவர் தலையில் விழுந்தது. கம்பெனிப் படைக்கு அவர்தான் சம்பளம் கொடுக்கணும். கையில் காசு இல்லையா, கம்பெனி அதிகாரிகளிடமே தனிப்பட்ட முறையில் வட்டிக்கு வாங்கணும். வட்டிக்கு வட்டி ஏறி அந்தக் கடன், எட்மண்ட் பர்க் 1785ல் லண்டன் நாடாளுமன்றத்தில் எழுந்து பேசும் அளவுக்கு ஊர் சிரித்தது. இன்றைக்கு லோன் ஆப்பில் சிக்கியவர்களுக்கு இந்த வலி ஈஸியா புரியும்.

கடனைக் கட்ட ஒரே வழி, பக்கத்து நாடுகள். அந்தப் படையெடுப்புகளில் முன்னால் நின்றவர் மூத்த மகன் உம்தத். 1771ல் தஞ்சாவூர் முற்றுகை. கோட்டைச் சுவரில் ஓட்டை விழுந்து, உள்ளே புகவேண்டியதுதான் பாக்கி என்ற நேரத்தில் அவர் தஞ்சை ராஜாவோடு தானே ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். கம்பெனி தளபதி ஜோசப் ஸ்மித்துக்குச் செம கடுப்பு. அடுத்த வருஷம் ராமநாதபுரம், அப்புறம் சிவகங்கை. 1772 ஜூனில் காளையார்கோவிலில் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டது இந்தப் படையெடுப்பில்தான். வேலு நாச்சியார் விருப்பாச்சிக்குப் போய், எட்டு வருஷம் காத்திருந்து திரும்பி வந்த கதை அங்கேதான் தொடங்குகிறது. உம்தத்தைப் பாவப்பட்ட மனுஷனா மட்டும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இந்தப் பரபரப்புகளுக்கு நடுவில்தான் திருச்சியில் அந்தச் சடங்கு. உள்ளே அழைத்துச் சென்றவர் டெரன்ஸ் ககன் என்ற டாக்டர். ஃப்ரீமேசன் முறைப்படி புதிதாக வருபவரின் கண்ணைக் கட்டித்தான் கூட்டிப்போவார்கள். சத்தியம் வாங்கிய பிறகு கட்டு அவிழும். இடுப்பில் தோல் ஏப்ரன். கல்தச்சர்கள் வேலைக்குக் கட்டிக்கொண்டதன் நினைவு அது. மூலைமட்டமும் கவராயமும் அடையாளச் சின்னங்கள். 1717ல் லண்டனில் பெரிய லாட்ஜ் உருவானதில் இருந்து, கல்லுளியைத் தொட்டே பார்க்காத பிரபுக்களும் வக்கீல்களும் ராணுவக்காரர்களும்தான் இதில் அதிகம். ஆனா உள்ளே வந்துவிட்டால் பிரபு, சிப்பாய் வித்தியாசம் கிடையாது. எல்லோரும் சகோதரர்கள். விதி அப்படித்தான் சொல்கிறது.

ஒரு நவாப் மகன் ஏன் இதில் சேரணும்? கொஞ்சம் யோசித்துப் பாருங்க. கம்பெனிக்காரர்களின் தர்பாரில் அவர் கடன்காரர். லாட்ஜுக்குள் மட்டும் சரிசமமாக உட்காரலாம். அதோடு வீட்டிலும் ஒரு சிக்கல் இருந்தது. அப்பாவுக்கு இளைய மகன் அமீர்-உல்-உம்ரா மேல்தான் பிரியம், அவருக்கே பட்டம் கட்டவும் ஆசை. வெள்ளைக்காரர்களின் நட்பு மூத்தவருக்கு ஒரு காப்பீடு மாதிரி. இது என் ஊகம்தான். ஆனா, அவர் இருந்த இடத்தில் யாராக இருந்தாலும் இந்தக் கணக்கைப் போட்டிருப்பார்கள்.

செய்தி லண்டனுக்குப் போனதும் அங்கே ஒரே குஷி. பெரிய லாட்ஜ் வாழ்த்துக் கடிதம் எழுதி, அழகான ஏப்ரன் ஒன்றையும், பிரமாதமாக பைண்டிங் செய்த விதிமுறைப் புத்தகத்தையும் அனுப்பியது. வங்காளத்துக்கு வந்த சர் ஜான் டே கையில் அவை கொடுத்துவிடப்பட்டன. உம்தத் பாரசீக மொழியில் பதில் எழுதி, தங்கச் சரிகைத் துணி உறையில் வைத்து அனுப்பினார். தனக்கு இருக்கும் பட்டங்களிலேயே இங்கிலீஷ் மேசன் என்பதைப் பெரிய கௌரவமாக நினைப்பதாக அதில் சொல்லியிருந்தார். 1780ல் அது லண்டன் போய்ச் சேர்ந்தது. கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கூட்டம் நடக்கும்போதெல்லாம் மண்டபத்தில் மாட்டிவைக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள்.

தம்பி அமீர் 1788ல் இறந்துபோனார். 1795ல் அப்பாவும் போக, 47 வயசில் உம்தத் நவாப் ஆனார். உட்கார்ந்த உடனேயே தலைவலி ஆரம்பம். சென்னை கவர்னர் ஹோபார்ட், நாட்டின் சில பகுதிகளைக் கம்பெனிக்கே விட்டுத்தரும்படி நெருக்கினார். 1792ல் அப்பா போட்ட ஒப்பந்தம் இருக்கிறது, அதற்கு மேல் ஒரு அடி நகர மாட்டேன் என்று இவர் நின்றுவிட்டார். வாழ்க்கை முழுக்க வளைந்துகொடுத்த குடும்பத்தில் இப்படி ஒரு பிடிவாதம் வந்தது ஆச்சர்யம்தான்.

1799ல் ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்தது. திப்பு சுல்தானின் அரண்மனையில் கிடைத்த காகிதங்களைக் காட்டி, அப்பாவும் மகனும் திப்புவோடு ரகசியமாகத் தொடர்பு வைத்திருந்ததாகக் கம்பெனி குற்றம் சாட்டியது. அந்தக் காகிதங்களில் பெரிசாக ஒன்றும் இல்லை என்பதே பிற்காலத்து வரலாற்று ஆய்வாளர்கள் பலரின் கருத்து. நாட்டை எடுக்கத் தீர்மானித்தாகிவிட்டது, சாக்குதான் தேவைப்பட்டது. தீர்மானித்தவர் கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லி. 1782ல் அயர்லாந்து ஃப்ரீமேசன்களின் கிராண்ட் மாஸ்டராக இருந்தவர். அதாவது, உம்தத்துக்குச் சகோதரர்.

1801 ஜூன் 16. திருச்சிக் கோட்டைச் சுவரிலும் ஸ்ரீரங்கத்திலும் மருது பாண்டியரின் அறிக்கை ஒட்டப்பட்டது. வெள்ளைக்காரர்களுக்கு இடம் கொடுத்த நவாப் முகமது அலியின் முட்டாள்தனத்தைச் சாடிய அறிக்கை அது. உம்தத் மேசன் ஆன அதே ஊர். அப்போது அவர் சென்னை சேப்பாக்கம் அரண்மனையில் படுத்த படுக்கை. ஜூலை முதல் வாரத்தில் கம்பெனிச் சிப்பாய்கள் அரண்மனை வாசலில் வந்து நின்றார்கள். பாதுகாப்புக்காம்! ஜூலை 15 அன்று அவர் கண்ணை மூடினார்.

அன்றைக்கே அவர் மகன் அலி உசேன் பக்கம் பேரம் ஆரம்பித்துவிட்டது. நாட்டின் நிர்வாகம் முழுவதையும் கம்பெனியிடம் கொடுத்தால் பட்டம் கிடைக்கும். அந்தப் பையன் சம்மதிக்கவில்லை. உடனே, இறந்துபோன தம்பி அமீரின் மகன் அசீம்-உத்-தௌலாவைத் தேடிப்பிடித்தார்கள். அவர் ஜூலை 31ல் கையெழுத்துப் போட்டார். வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும், நவாப் என்ற பேரும் மட்டும் மிச்சம். கையெழுத்து வாங்கிய கவர்னர் எட்வர்ட் கிளைவ், 50 வருஷத்துக்கு முன்னால் இந்தக் குடும்பத்தைக் காப்பாற்றிய ராபர்ட் கிளைவின் மகன். அலி உசேன் அடுத்த வருஷமே இறந்துபோனார். இதெல்லாம் நடக்கும்போது லண்டன் பெரிய லாட்ஜின் கிராண்ட் மாஸ்டர் வேறு யாருமல்ல, இங்கிலாந்தின் பட்டத்து இளவரசர்.

இப்போ புதுக்கோட்டைக் கணக்குக்கு வருவோம். பேருக்கு நவாப்பின் கீழ் இருந்தவர் தொண்டைமான். 1796ல் ராஜா பகதூர் பட்டம்கூட நவாப்பிடம் இருந்து வாங்கியதுதான். 1799ல் புதுக்கோட்டைக் காட்டில் பிடிபட்ட கட்டபொம்மனைக் கம்பெனியிடம் ஒப்படைத்ததும் அதே விஜயரகுநாத தொண்டைமான். எந்த லாட்ஜிலும் சேராமலேயே அவர் கம்பெனியின் சகோதரர் ஆகிவிட்டார். நவாப்பின் ராஜ்ஜியம் 1801ல் போனது. தொண்டைமான் வம்சம் தனக்கென அம்மன் காசு அச்சடித்துக்கொண்டு, 1948ல் இந்தியாவோடு இணையும் வரை புதுக்கோட்டையை ஆண்டது.