சேர் சி. வி. இராமனும் பறவைச் சிறகின் நீல நிறமும்



சேர் சி. வி. இராமன் என்றதும் நோபல் பரிசு பெற்ற தமிழர் என்று உடனே எழுதிவிடுவீர்கள். அதோடு பலர் நிறுத்திக்கொள்கின்றனர். கடல் நீரையும் சிப்பியையும் பறவையின் இறகையும் கையிலெடுத்து, இவற்றின் நிறம் எங்கிருந்து வருகிறது என்று வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். அந்தக் கேள்வியின் வழியே அவரது வாழ்க்கையைப் படித்தால் விடயங்கள் மனதில் நன்கு பதியும்.

1. பிறப்பும் கல்வியும்

இராமன் 1888 நவம்பர் 7ஆம் திகதி திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள திருவானைக்காவலில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர், தாயார் பார்வதி அம்மாள். தந்தையார் கணிதமும் பௌதிகவியலும் கற்பித்த ஆசிரியர். அவருக்கு விசாகப்பட்டினத்தில் வேலை கிடைத்ததால் குடும்பமும் அங்கு சென்றது. இராமன் 11 வயதிலேயே மெற்றிக்குலேசன் பரீட்சையில் சித்தியெய்தினார். சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1904இல் பீ.ஏ. பட்டத்தையும் 1907இல் எம்.ஏ. பட்டத்தையும் முதன்மைச் சித்தியுடன் பெற்றார். மாணவராக இருந்தபோதே, 1906இல், அவரது முதலாவது ஆய்வுக்கட்டுரை இங்கிலாந்துச் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தது.

இத்தகைய மாணவர் மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்வதே அக்கால வழக்கம். ஆனால் அந்நாட்டுக் குளிரை இவரது உடல் தாங்காது என்று வைத்தியர் கூறிவிட்டார். வழி அடைபட்டது. இராமன் நிதித் திணைக்களப் பரீட்சை எழுதி முதலிடம் பெற்று, 1907இல் கல்கத்தாவில் உதவிக் கணக்காளர் நாயகமாகப் பதவியேற்றார். அதே ஆண்டில் லோகசுந்தரியை மணந்தார்.

2. பகலில் கணக்கு, காலையும் மாலையும் ஆய்வு

கைநிறையச் சம்பளம் கிடைத்தும் அவர் மனம் அமைதியடையவில்லை. கல்கத்தாவின் பௌ பஜார் வீதியில், 1876இல் மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய விஞ்ஞான விருத்திச் சங்கத்தின் ஆய்வுகூடம் பெரிதும் பயன்படாமல் கிடந்தது. இராமன் அங்கு அனுமதி பெற்று, கந்தோருக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் ஆய்வு செய்தார். இவ்வாறு பத்து ஆண்டுகள் கழிந்தன.

1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவரைப் பௌதிகவியல் பேராசிரியராக அழைத்தது. சம்பளமோ அரச உத்தியோகத்தைவிடக் குறைவு. குடும்பஸ்தராகிய ஒருவர் நிலையான வேலையை விடுவது எளிதன்று. ஆயினும் அவர் ஆய்வையே தேர்ந்தெடுத்தார்.

3. கடல் ஏன் நீலமாக இருக்கிறது?

1921இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்று திரும்பிய பயணத்தில் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைக் கவர்ந்தது. வானத்தின் நீலமே கடலில் தெறித்துத் தெரிகிறது என்று ரேலி பிரபு கூறியிருந்தார். அவர் நோபல் பரிசு பெற்ற பெரும் விஞ்ஞானி. பெரியவர் சொன்னார் என்பதற்காக இராமன் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. தம்மிடமிருந்த நிக்கொல் அரியத்தினூடாகக் கடலைப் பார்த்தார். நீரின் மேற்பரப்பில் தெறித்துவரும் ஒளியை அந்த அரியத்தால் தடுக்க முடியும். தடுத்த பின்னும் நீலம் மறையவில்லை. ஆகவே நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அந்தப் பாதையே அவரை 1928 பெப்ரவரி 28ஆம் திகதிக்கு இட்டுச் சென்றது. திரவத்தில் சிதறும் ஒளியின் ஒரு சிறு பகுதி தன் அலைநீளத்தில் மாறுகிறது என்பதைத் தம் மாணவர் கே. எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து கண்டறிந்தார். இதுவே இராமன் விளைவு. இதற்காக 1930இல் நோபல் பரிசு பெற்றார். விஞ்ஞானத் துறையில் அப்பரிசைப் பெற்ற முதலாவது ஆசியர் அவரே.

4. பனங்காடையின் இறகு

1933இல் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞான நிறுவகத்தின் பணிப்பாளரானார். அடுத்த ஆண்டு இந்திய விஞ்ஞானக் கழகத்தைத் தொடக்கி, அதன் சஞ்சிகையின் முதலாவது தொகுதியிலேயே பறவை இறகின் நிறம் பற்றி எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட பறவை பனங்காடை. நமது மாகாணத்திலும் உடவளவைப் பகுதியில் மின்கம்பிகளில் இதனைக் காணலாம்.

கரும்பழுப்பு நிறம் மெலனின் என்னும் நிறப்பொருளால் உண்டாகிறது. மஞ்சளும் சிவப்பும் பெரும்பாலும் உணவிலிருந்து பெறப்படும் கரட்டீன் வகை நிறப்பொருள்களால் வருகின்றன. ஆனால் பறவையின் நீல இறகை அரைத்தால் நீலத் தூள் கிடைக்காது. மங்கிய பழுப்புத் தூளே மிஞ்சும். அதில் நீல நிறப்பொருளே இல்லை. இறகின் நுண்ணிய அமைப்பே நீலத்தைத் தருகிறது.

வானம் நீலமாவதைப் போன்ற சாதாரணச் சிதறலே இதற்குக் காரணம் என்று பலர் நம்பியிருந்தனர். அவ்விளக்கம் போதாது என்பதையும், ஒளியலைகள் ஒன்றோடொன்று தலையிடுவதும் காரணமாகலாம் என்பதையும் இராமன் எடுத்துக்காட்டினார். 1998இல் வேறொரு பறவையின் நீல இறகை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தவர்கள், அதனுள் கடற்பஞ்சு போன்ற அமைப்பு ஒழுங்கான இடைவெளிகளுடன் இருப்பதையும், நீல ஒளியலைகள் அங்கு ஒன்றையொன்று வலுப்படுத்துவதையும் உறுதிசெய்தனர். அப்போது இராமன் மறைந்து 28 ஆண்டுகள் ஆகியிருந்தன.

தோட்டத்து ஓடையருகே இருக்கும் மீன்கொத்தியின் நீலமும், சிங்கராஜ வனத்தில் வாழும் கெஹிபெல்லாவின் நீலமும் இத்தகையனவே. கிளியின் பச்சையோ அமைப்பால் வரும் நீலமும் மஞ்சள் நிறப்பொருளும் சேர்ந்தது.

5. எப்படி? ஏன்?

இவ்விடத்தில் மாணவர் பலர் தடுமாறுவர். நிறம் எப்படி உண்டாகிறது என்ற வினாவுக்கே இராமன் விடை தேடினார். அந்த நிறம் ஏன் ஏற்பட்டது என்பது வேறு வினா. அதற்கு விடை தேடியவர்கள் கூர்ப்புக் கொள்கையை வகுத்த டார்வினும் வொலஸும்.

நமது தேசியப் பறவையாகிய காட்டுக்கோழியைப் பாருங்கள். சேவல் செம்மஞ்சளும் ஊதாவுமாக மின்னும். பேடு தவிட்டு நிறம். அழகிய சேவலைப் பேடு தெரிவு செய்வதால் அந்நிறம் தலைமுறைதோறும் பெருகியது என்பது டார்வின் 1871இல் விளக்கிய இலிங்கத் தேர்வு. அடைகாக்கும் பேட்டை எதிரியின் கண்ணிலிருந்து மங்கிய நிறம் மறைக்கிறது என்பதை வொலஸ் வலியுறுத்தினார். உண்ணத்தகாத புழுக்களின் பளிச்சென்ற நிறம் ஓர் எச்சரிக்கை என்று 1867இல் கூறியவரும் அவரே. பனங்காடை அமர்ந்திருக்கும்போது பெரிதும் பழுப்பாகத் தெரியும். சிறகை விரித்ததும் நீலம் பளிச்சிடும். ஒரே பறவை மறையவும் வேண்டும், தன் இணைக்குத் தெரியவும் வேண்டும்.

6. இறுதிக் காலம்

1948இல் பெங்களூரில் இராமன் ஆய்வு நிறுவகம் தோன்றியது. 1954இல் பாரத ரத்னா விருது கிடைத்தது. முதுமையிலும் பூக்களின் நிறங்களையும் கண்பார்வையையும் ஆராய்ந்தார். 1970 நவம்பர் 21ஆம் திகதி காலமானார். பெப்ரவரி 28ஆம் திகதியை இந்தியா தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடுகிறது.

மாணவர்களே, நம் தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் ஆய்வுகூட வசதி குறைவு என்பது உண்மையே. வசதி கேட்பது உங்கள் உரிமை. அது வரும்வரை கேள்வி கேட்பதை நிறுத்திவிடாதீர்கள். கீழே கிடக்கும் ஒரு நீல இறகை எடுத்து, முதலில் வெளிச்சம் படும் பக்கமாகப் பாருங்கள். பின்பு சூரியனைப் பார்க்காமல், வெளிச்சமான வானத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நீலம் மங்கிப் பழுப்பாகத் தெரியும். பார்த்த பின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. கடலின் நீல நிறம் பற்றிய ரேலியின் விளக்கத்தை இராமன் எவ்வாறு சோதித்தார்?
2. நிறப்பொருளால் வரும் நிறத்துக்கும் அமைப்பால் வரும் நிறத்துக்கும் இடையிலான வேறுபாட்டை உதாரணத்துடன் விளக்குக.
3. காட்டுக்கோழிச் சேவலும் பேடும் நிறத்தில் வேறுபடுவதற்கு இரு காரணங்கள் தருக.
4. 1917இல் இராமன் எடுத்த தீர்மானம் பற்றி உமது கருத்தை ஐந்து வாக்கியங்களில் எழுதுக.