ராணுவ முகாம்களைப் படுக்கவைத்த காய்ச்சல்: வைரஸைப் பிடித்த மாரிஸ் ஹில்மேன் யார்?

ராணுவத்தில் சேர்ந்த இளைஞர்கள், பயிற்சி தொடங்கிய சில வாரங்களிலேயே கொத்துக்கொத்தாகக் காய்ச்சலில் விழுகிறார்கள். தொண்டை வலி, இருமல், சிலருக்கு நிமோனியா. 1950களில் அமெரிக்க ராணுவத்துக்கு இது தீராத தலைவலி. இதன் பின்னால் இருந்த வைரஸைக் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் மாரிஸ் ஹில்மேன்.

கோழிப் பண்ணையிலிருந்து ஆய்வகத்துக்கு

1919 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில், மைல்ஸ் சிட்டியில் பிறந்தார் ஹில்மேன். உடன் பிறந்த இரட்டைச் சகோதரி பிறப்பிலேயே இறந்தார். இரண்டே நாளில் தாயும் போய்ச் சேர்ந்தார். உறவினர் வீட்டுப் பண்ணையில், கோழிகளோடு வளர்ந்த பையன், உதவித்தொகையில் கல்லூரிக்குப் போனார். 1944-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1948-ல் ராணுவத்தின் வால்டர் ரீட் ஆய்வு மையத்தில் சேர்ந்தார்.

ஃப்ளூ இல்லை, வேற ஏதோ!

1952-53 குளிர்காலம். மிசௌரி மாநிலத்தின் ஃபோர்ட் லெனர்ட் வுட் பயிற்சி முகாமில் காய்ச்சல் பரவியது. ஃப்ளூவா இருக்கும் என்ற சந்தேகத்தோடுதான் ஹில்மேன் குழு ஆய்வைத் தொடங்கியது. ஆனால் வீரர்களின் தொண்டையிலிருந்து எடுத்த மாதிரியில் கிடைத்தது ஒரு புதிய வைரஸ். கிட்டத்தட்ட அதே நேரத்தில் வாலஸ் ரோவ், ராபர்ட் ஹியூப்னர் குழுவினரும் குழந்தைகளின் அடினாய்டு திசுவில் இதே குடும்ப வைரஸைக் கண்டார்கள். அதனால்தான் 'அடினோவைரஸ்' என்று பெயர் வந்தது.

ஹில்மேன் விடவில்லை. வைரஸைச் செயலிழக்கச் செய்து ஊசித் தடுப்பூசி உருவாக்கினார். முகாம்களில் அது பலன் தந்தது.

அவர் கண்டுபிடிப்பே அவருக்கு எதிராக

இங்கதான் ட்விஸ்ட். 1957 இறுதியில் மெர்க் நிறுவனத்துக்கு மாறிய ஹில்மேன், 1960-ல் பென் ஸ்வீட்டுடன் சேர்ந்து ஓர் உண்மையை வெளியிட்டார். தடுப்பூசி தயாரிக்கப் பயன்பட்ட குரங்குச் சிறுநீரகச் செல்களில் எஸ்.வி.40 என்ற வேறொரு வைரஸ் ஒளிந்திருந்தது. போலியோ தடுப்பூசிகள் மட்டுமல்ல, அடினோவைரஸ் தடுப்பூசியும் சிக்கலில் மாட்டியது. 1960களின் முற்பகுதியில் அதன் உரிமம் ரத்தானது.

மாத்திரை எப்படி வேலை செய்தது?

அடுத்த தீர்வு, வேறு விஞ்ஞானிகளிடமிருந்து வந்தது: மாத்திரை. 1971 முதல் புதிய வீரர்களுக்கு வழக்கமாகத் தரப்பட்டது. உள்ளே இருப்பது உயிருள்ள அடினோவைரஸ், வகை 4 மற்றும் 7. மேற்பூச்சு இருப்பதால் தொண்டையிலோ வயிற்றிலோ கரையாது, குடலில்தான் கரையும். குடலில் வைரஸ் பெருகினாலும் காய்ச்சல் வராது, ஆனால் எதிர்ப்பு சக்தி உருவாகி நுரையீரலையும் காக்கும். ஒரே நிபந்தனை: மெல்லக் கூடாது, முழுசா விழுங்கணும்.

நோய் கிட்டத்தட்ட மறைந்தது. மறைந்ததும் மருந்தின் அருமையும் மறந்தது. தயாரித்த ஒரே நிறுவனம் 1990களின் நடுவில் உற்பத்தியை நிறுத்தியது. 1999-க்குள் கையிருப்பு தீர்ந்தது. காய்ச்சல் திரும்ப வந்தது, சில இளம் வீரர்களின் உயிரும் போனது. வேறொரு நிறுவனம் தயாரித்த மாத்திரை 2011-ல் மீண்டும் வந்த பிறகுதான் நிலைமை சீரானது.

பெயர் தெரியாத பெரிய மனிதர்

மெர்க்கில் ஹில்மேன் செய்தது இன்னும் பெரிசு. 1963-ல் மகள் ஜெரில் லினுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தபோது, அவள் தொண்டையிலிருந்து எடுத்த வைரஸைப் பலவீனப்படுத்தி அந்நோய்க்குத் தடுப்பூசி செய்தார். தட்டம்மை, ரூபெல்லாவையும் சேர்த்த எம்.எம்.ஆர். 1971-ல் வந்தது. மொத்தம் 40-க்கும் மேற்பட்ட தடுப்பூசிகளில் அவர் பங்கு உண்டு.

2005 ஏப்ரல் 11 அன்று, 85 வயதில் ஃபிலடெல்ஃபியாவில் காலமானார். பலருக்கு அவர் பெயர் தெரியாது. நோய் வராதபோது, அதைத் தடுத்தவரை யார் நினைக்கிறார்கள்? அந்த மாத்திரைக்கும் நடந்தது அதுதான்.