எத்தனை நோயாளிக்கு ஒரு செவிலியர்?



நோயில்பூசுதல் வழங்க நள்ளிரவில் மருத்துவமனைக்குச் செல்லும்போது நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. நீண்ட வார்டு, இரு பக்கமும் கட்டில்கள், நடுவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு செவிலியர். ஒருவர் எத்தனை பேரைத்தான் கவனிக்க முடியும்? இக்கேள்வியைக் கணக்கோடும் காரணத்தோடும் ஆராய்ந்து எழுதிவைத்த முன்னோடி, கைவிளக்கேந்திய மங்கை என்று நாம் பள்ளியில் படித்த புளோரன்ஸ் நைட்டிங்கேல்.

1820 மே 12 அன்று, வசதி மிக்க ஆங்கிலக் குடும்பம் ஒன்றில், இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர், ஆங்கிலிக்கன் சபையினர். பதினாறு வயதில் இறைவன் தம்மைப் பணிக்கு அழைப்பதாக உணர்ந்தார். குடும்பத்தாரின் எதிர்ப்பு பல ஆண்டுகள் நீடித்தது. 1851இல்தான் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் பயிற்சி பெற முடிந்தது.

1854 நவம்பரில், கிரிமியப் போரில் காயமுற்றோர் குவிந்து கிடந்த ஸ்கூட்டாரி மருத்துவமனைக்கு அவர் 38 பெண்களுடன் வந்து சேர்ந்தார். அவர்களுள் பத்துப் பேர் கத்தோலிக்க அருள்சகோதரிகள்! பெர்மண்ட்சி மடத்தின் தலைவி அன்னை மேரி கிளேர் மூர் அவர்களுள் ஒருவர். இவருக்கும் நைட்டிங்கேலுக்கும் அங்கு மலர்ந்த நட்பு, 1874இல் அன்னை இறக்கும்வரை நீடித்தது. தலைமைப் பொறுப்புக்குத் தம்மைவிட அன்னையே தகுதியானவர் என்று நைட்டிங்கேல் அவருக்கே எழுதினார்.

அதே டிசம்பரில் மேலும் 46 பெண்கள் அனுப்பப்பட்டனர். நைட்டிங்கேல் மகிழவில்லை, கோபப்பட்டார். தங்க இடமில்லை, பலருக்குப் பயிற்சியில்லை, யார் யாருக்குக் கீழ்ப்படிவது என்ற தெளிவுமில்லை. இந்நிலையில் ஆள் கூடினால் பணி கூடாது, குழப்பமே கூடும் என்பது அவர் கருத்து. அவ்வணியில் வந்த அயர்லாந்து அருள்சகோதரிகளிடம் அவர் காட்டிய கடுமை சற்று அதிகம் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் காரணம் தவறென்று சொல்வதற்கில்லை.

நாடு திரும்பியபின் அவர் கேட்ட கேள்விகள் மிக எளியவை. நாற்பது நோயாளிகள் ஒரே வார்டில் இருந்தால் இரவில் ஒருவரின் பார்வை அனைவர்மேலும் படும். அவர்களையே நான்கு அறைகளில் பிரித்துவிட்டால்? ஆகவே ஏறக்குறைய முப்பது கட்டில் கொண்ட வார்டு, அதற்கு ஒரு தலைமைச் செவிலியர், வார்டைப் பார்க்கும் ஜன்னலோடு அவருக்கு ஓர் அறை என வகுத்தார். சுடுநீர் குழாய் வழியே மேல்மாடிக்கு வர வேண்டும், உணவு லிஃப்டில் ஏற வேண்டும் என்றார். இல்லையேல் படியேறி இறங்குவதிலேயே செவிலியரின் பொழுது கழிந்துவிடும். இரவுப்பணி செய்பவர் பகலில் தொந்தரவின்றி உறங்க வேண்டும் என்பதையும் அவர் மறக்கவில்லை. ஆட்களின் எண்ணிக்கையைக் கட்டடத்தோடு சேர்த்தே சிந்தித்தவர் அவர்.

ஆனால் ஏழைகளின் மருத்துவமனைகளில் நிலைமை வேறு. 1865இல் லிவர்பூல் ஏழையர் விடுதியின் நோயாளர் பிரிவுக்கு, நைட்டிங்கேலின் பள்ளியில் பயின்ற ஆக்னஸ் ஜோன்ஸ், பயிற்சி பெற்ற 12 செவிலியருடன் சென்றார். அங்கிருந்த நோயாளிகளோ ஆயிரத்துக்கும் மேல். உதவிக்கு இருந்தவர்கள் விடுதியிலேயே வாழ்ந்த ஏழைப் பெண்கள், அவர்களுள் பலர் குடிக்கு அடிமையானவர்கள். மூன்றே ஆண்டுகள். 1868இல் டைஃபஸ் காய்ச்சல் கண்டு ஆக்னஸ் இறந்தார், வயது 35. நைட்டிங்கேல் மனம் கலங்கி அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் புகழுரையோடு நின்றுவிடாமல், பயிற்சிக்கு இன்னும் பெண்கள் முன்வர வேண்டுமெனக் கேட்டுக்கொண்டார்.

நைட்டிங்கேலே நெடுங்காலம் நோயாளியாக, தம் அறையிலிருந்தபடியேதான் இவற்றையெல்லாம் எழுதினார். 1910 ஆகஸ்ட் 13 அன்று, தொண்ணூறாவது வயதில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்ய அரசு முன்வந்தும், குடும்பத்தார் ஏற்கவில்லை. ஈஸ்ட் வெல்லோ என்ற சிற்றூரின் கோவில் வளாகத்தில், பெற்றோரின் அருகில் அவரை அடக்கம் செய்தனர். கல்லில் அவர் பெயர்கூட முழுமையாக இல்லை, இரண்டு முதலெழுத்துகள் மட்டுமே.