துறைமுகத்தின் வாயிலை மாற்றியவர்: சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்

முளா, முட்டா நதிகளின் கரையில் குடியேறிய நமக்குக் கடல் என்பது ரயிலேறிப் போய்க் காண வேண்டிய பொருளாகிவிட்டது. விடுமுறைக்குச் சென்னை செல்லும் நம் குடும்பத்தார் ஒரு மாலையேனும் கடற்கரைக்குப் போகாமல் திரும்புவதில்லை. குழந்தைகள் ஓடிக் களைத்த பின்னரே அலை காலில் படுகிறது. அவ்வளவு அகன்ற மணல் அது. அந்த மணலுக்கும், வடக்கே பாரந்தூக்கிகள் தெரியும் துறைமுகத்துக்கும், நம் பூனா பெர்குஸன் கல்லூரிக்கும் ஒரு தொடர்பு உண்டென்றால் அன்பர்கள் வியப்படையலாம். அத்தொடர்பைத் தம் வாழ்நாளில் தாங்கி நின்றவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியியல் அறிஞர். அன்னாரின் வரலாற்றைச் சுருக்கமாக எழுதப் புகுந்தோம்.

அயர்லாந்தைச் சேர்ந்த ஸ்பிரிங் 1849-ஆம் ஆண்டு பிறந்தார். டப்ளின் நகரத்து டிரினிடி கல்லூரியில் பயின்று, 1870-இல் இந்திய சர்க்காரின் பொறியியல் பகுதியில் சேர்ந்தார். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவருக்கு வாய்த்த வேலை ரயில் பாதைகளும் பாலங்களுமே. நம் நாட்டு நதிகள் மழைக்காலத்தில் கரை மாறி ஓடும் இயல்புடையவை. பாலத்தை ஓரிடத்தில் கட்டி முடித்தால், நதி வேறிடத்தில் போய்ப் பாயும். இதற்கு இருபுறமும் நீண்ட கரைகளை அமைத்து, வெள்ளத்தைப் பாலத்தின் கண்கள் வழியே நடத்திச் செல்லும் முறையை விளக்கி அவர் 1903-இல் ஒரு நூல் வெளியிட்டார். பாலம் கட்டுவோர் நெடுங்காலம் கையில் வைத்திருந்த நூல் அது. தண்ணீரும் மணலும் எப்படி நடந்துகொள்ளும் என்பதை இவ்வாறு நதிகளிடம் பயின்ற பிறகே அவர் கடலுக்கு வந்தார்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. பம்பாயைப் போலத் தீவுகளும் மலைகளும் சூழ்ந்து காக்கும் நீர்நிலை அங்கே இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1639-இல் வந்து இறங்கிய நாள் முதல் கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களும் மூட்டைகளும் மசூலாப் படகுகளிலேதான் கரை சேர்ந்தன. பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை; அலை மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கும். ஓட்டிய நம் மீனவரின் திறமை இருந்தும், நனைந்த மூட்டைகளுக்கும் கவிழ்ந்த படகுகளுக்கும் கணக்கில்லை. 1861-இல் 1,100 அடி நீளத்துக்கு இரும்புப் பாலம் ஒன்றைக் கடலுக்குள் நீட்டிப் பார்த்தார்கள், போதவில்லை.

பின்னர் பார்க்ஸ் என்னும் பொறியாளர் இரண்டு கற்சுவர்களைக் கடலுக்குள் கொண்டு சென்று, அவை ஒன்றையொன்று நோக்கி வளையும் இடத்தில், கிழக்கு முகமாக வாயில் வைத்து ஒரு துறைமுகத்தை வகுத்தார். 1875 டிசம்பர் 15-ஆம் தேதி வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். வேலை ஏறக்குறைய முடிந்த தறுவாயில், 1881 நவம்பரில் அடித்த புயல் அச்சுவர்களை உடைத்தெறிந்தது. மீண்டும் கட்டினார்கள். 1886-இல் துறைமுகத்தை நிர்வகிக்க ஹார்பர் டிரஸ்ட் என்னும் பொறுப்பாளர் சபையும் ஏற்பட்டது. பம்பாய் போர்ட் டிரஸ்ட் 1873-லேயே தோன்றிவிட்டதை இங்கே நினைவு கூரலாம்.

புதுச் சுவர்கள் புயலைத் தாங்கின. ஆனால் மணலை அவற்றால் தடுக்க முடியவில்லை. சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் மணலை வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே போகின்றன. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ பத்து லட்சம் டன் என்று பொறியாளர் கணக்கிட்டார்கள். தெற்குச் சுவர் இதற்குக் குறுக்கே நின்றதால் மணல் அங்கே குவிந்தது, கடல் பின்வாங்கியது. நம் குழந்தைகள் ஓடியாடும் மெரினாவின் அகலம் இவ்வாறு வளர்ந்ததுதான். சுவரைச் சுற்றிக்கொண்டு சென்ற மணல் கிழக்கு வாயிலில் படிந்து ஆழத்தைக் குறைத்து வந்தது. அதே வாயில் வழியாகப் பெருங்கடலின் அலைகளும் நேரே உள்ளே புகுந்தன. கப்பல்கள் உள்ளே நின்றாலும் ஆடிக்கொண்டே இருந்தன. சரக்கு இறக்குவதற்கு இன்னமும் படகுகளே கதி. பெரும் பணத்தை விழுங்கிய துறைமுகம் சிறிது சிறிதாகத் தூர்ந்துபோகும் என்ற அச்சம் பொய்யானதன்று.

இந்நிலையில், 1904-இல், ஐம்பத்தைந்து வயதில் ஸ்பிரிங் தலைமைப் பதவியை ஏற்றார். மறு ஆண்டு போர்ட் டிரஸ்ட் சட்டமும் நிறைவேறியது. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு சீமைக்குப் போக வேண்டிய வயதில் அவர் துணிந்த காரியம் என்னவென்றால், கிழக்கு வாயிலை அடைத்துவிட்டு வடகிழக்கில் புதிய வாயில் திறப்பதாகும். இருக்கும் ஒரே வழியை அடைப்பதென்பது எளிதில் சொல்லக்கூடிய யோசனையா? கணக்குத் தவறினால் துறைமுகமே பயனற்றுப் போகும். ஆயினும் கிழக்குச் சுவரை வடக்கே நீட்டி, அதன் மறைவில் வாயிலை வைத்தால், அலையும் மணலும் நேரே நுழைய மாட்டா என்று அவர் கண்டார். பத்தாண்டுக்குள் வாயில் மாறியது. உள்ளே நீர் அடங்கியது. அதன்பின் அவர் இட்ட திட்டத்தின்படி கப்பல்கள் அணைந்து நிற்கும் தளங்களும், சரக்குக் கொட்டகைகளும், ரயில் பாதைகளும் எழுந்தன. 1920-ஆம் ஆண்டின் முடிவில் மேற்கில் நான்கும், கிழக்கிலும் தெற்கிலும் ஒவ்வொன்றுமாக ஆறு கப்பல்கள் அணையும் வசதி இருந்தது. மசூலாப் படகின் காலம் முடிந்தது.

இதற்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. அதை மறைத்து எழுதுவது முறையன்று. தெற்கே தேங்கிய மணல் வடக்கே போய்ச் சேரவில்லை. ஆகவே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையில் கடல் கரையை அரித்தது. மீனவர் குப்பங்கள் இடம் பெயர்ந்தன. பின்னர் அங்கே கல்லைக் கொட்டிக் கொட்டித்தான் கரையைக் காக்க வேண்டியதாயிற்று. பழி ஸ்பிரிங் ஒருவரையே சாராது, சுவர்கள் அவர் வருமுன்பே நின்றவை. எனினும் மெரினாவில் உலவும் நாம் ராயபுரத்தையும் நினைக்கத்தான் வேண்டும். மேலும், இத்துறைமுகம் எழுந்தது முதன்மையாக வெள்ளையர் வாணிகத்துக்காகவே. திலகரைத் தலைவராகக் கொண்ட நம் சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி 1908-இல் சிறை புகுந்ததும் இதே காலத்தில்தான்.

இனிப் பூனாவுக்கு வருவோம். கணித ஆர்வலர் வி. ராமஸ்வாமி ஐயர் 1907-இல் தொடங்கிய இந்தியக் கணித சங்கத்தின் நூலகம் நம் பெர்குஸன் கல்லூரியில் இருந்தது. அச்சங்கத்தின் பத்திரிகையில் 1911-இல் முதற்கட்டுரை வெளியிட்ட கும்பகோணத்து இளைஞர் ராமானுஜன், கல்லூரித் தேர்வில் தேறாதவர், வேலை தேடி அலைந்தவர். அதே சங்கத்தில் ஈடுபாடு கொண்ட எஸ். நாராயண ஐயர் போர்ட் டிரஸ்டின் கணக்குப் பகுதியில் உயர் உத்தியோகஸ்தர். 1912 மார்ச் 1-ஆம் தேதி, மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில், ராமானுஜன் அங்கே குமாஸ்தாவாக அமர்ந்தார். ராணுவக் கணக்கு அலுவலகத்திலும் ரயில்வேயிலும் பேரேடு எழுதி இவ்வூரில் குடும்பம் வளர்த்த நம் பெரியோர்களுக்கு அந்த முப்பது ரூபாயின் அருமை நன்கு தெரியும்.

குமாஸ்தா ஆபீஸ் நேரத்தில் சொந்தக் கணக்குப் போட்டால் மேலதிகாரி என்ன செய்வார்? விளக்கம் கேட்டுச் சீட்டு வரும் என்பதே நம் அனுபவம். இங்கே நடந்தது வேறு. நாராயண ஐயர் மாலையில் அவ்விளைஞருடன் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்தார். தலைவரிடமும் எடுத்துச் சொன்னார். ஸ்பிரிங் கணித மேதையல்லர். அந்தச் சூத்திரங்கள் தமக்கு விளங்காதபோது, விளங்கக்கூடியவர்களைத் தேடினார். எஞ்சினீயரிங் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித்தும் அவரும் இதுபற்றிக் கடிதத் தொடர்பு கொண்டார்கள். 1913 பிப்ரவரியில் வானிலை இலாகாத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தபோது ராமானுஜனின் தாள்கள் அவர் முன் வைக்கப்பட்டன. வாக்கர் பல்கலைக் கழகத்துக்கு எழுதினார். (அவ்விலாகாவின் தலைமை நிலையம் 1928-இல் சிம்லாவிலிருந்து நம் பூனாவுக்கே வந்தது.) அதே ஆண்டு மே மாதம் முதல் மாதம் எழுபத்தைந்து ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. கேம்பிரிட்ஜ் பயணத்துக்குப் பணம் வேண்டியபோது, ஸ்பிரிங் கவர்னர் வரையில் எழுதி முயன்றார். 1914 மார்ச் 17-ஆம் தேதி, நெவாஸா என்னும் கப்பலில், சென்னையிலிருந்தே ராமானுஜன் புறப்பட்டார். அக்கப்பல் சென்றது ஸ்பிரிங் திறந்த வடகிழக்கு வாயில் வழியாக.

அவ்வாண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு எம்டன் கப்பல் குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியபோதும் தலைவர் ஸ்பிரிங்கே. எம்டன் என்ற சொல்லை நம் பாட்டிமார் இன்றும் குறும்புக்காரப் பேரன்களுக்குச் சூட்டுகிறார்கள். மோட்டார் வண்டியில் அவருக்கிருந்த ஆசையும் பெரிது; சென்னையில் எம்.சி. 1 என்று முதலெண் பெற்ற வண்டி அவருடையது.

1919-இல் ஸ்பிரிங் பதவியிலிருந்து விலகினார். அதே ஆண்டு மார்ச்சில் ராமானுஜன் நோயுற்ற உடலோடு பம்பாயில் வந்திறங்கி, 1920 ஏப்ரலில் காலமானார். ஸ்பிரிங் 1933 வரை வாழ்ந்தார். போர்ட் டிரஸ்ட் என்ற பெயரும் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாறி, இப்பொழுது சென்னைத் துறைமுக ஆணையம் என வழங்குகிறது. 1911-இல் அன்னார் தோற்றுவித்த பாய்மரப் படகுச் சங்கம் துறைமுகத்தினுள்ளே இன்றும் இருக்கிறது. அது இருக்கும் படகுத்துறைக்கு ஸ்பிரிங்ஹேவன் என்று பெயர்.